சர்ச் கூரையில் சோலார் வைத்தால் போதுமா? இந்தியத் திருச்சபைகள் முன் நிற்கும் கடினமான கேள்வி

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை உலகெங்கும் பல கிறிஸ்தவ சபைகள் 'படைப்பின் காலம்' கடைப்பிடிக்கின்றன. நீங்கள் கிறிஸ்தவராக இருந்தால் உங்கள் சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் மரக்கன்று நடும் போட்டோ, துணிப்பை விநியோகம், இயற்கை பற்றிய பிரசங்கம் எல்லாம் வந்திருக்கும். கிறிஸ்தவர் இல்லையா? பரவாயில்லை. நீங்கள் படித்த பள்ளியோ பிறந்த ஆஸ்பத்திரியோ ஒரு கிறிஸ்தவ நிறுவனமாக இருந்திருக்கலாம். அந்தக் கட்டடத்தின் மேல் இன்று சோலார் பேனல் பளபளத்துக்கொண்டிருக்கலாம்.

நல்ல விஷயம்தான். ஆனா, அதோட வேலை முடிஞ்சுதா?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: கூரையில் பேனல் வைத்தால் கரண்ட் பில் குறையும். லாபம் தரும் வேலை என்பதால் அது சுலபமான வேலை. 'படைப்பைப் பேணுதல்' என்ற நம்பிக்கைக்கு உண்மையான சோதனை வருவது நிலத்தில். அங்கேதான் பேணுவதற்கான விலையைச் சொந்தச் சபை மக்களே கொடுக்க வேண்டியிருக்கும். கேரளத்தின் மலையிலும் கடற்கரையிலும், நாகாலாந்தில் ஓர் அணையின் கரையிலும் அந்தச் சோதனை ஏற்கெனவே நடந்திருக்கிறது. முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

முதலில், நாடு எங்கே நிற்கிறது?

2025 ஜூலையில் மத்திய அரசு ஒரு மைல்கல்லை அறிவித்தது. அப்போது நாட்டின் மொத்த மின் உற்பத்தித் திறன் சுமார் 485 ஜிகாவாட்டாக இருந்தது. அதில் பாதி, நிலக்கரி, எரிவாயு, டீசல் அல்லாத வழிகளில் வருகிறது: சூரிய ஒளி, காற்று, நீர், உயிரிக் கழிவு, அணுசக்தி. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2030க்குள் எட்டுவதாகச் சொன்ன இலக்கு, ஐந்து ஆண்டு முன்பே கைக்கு வந்துவிட்டது.

ஆனால் 'திறன்' வேறு, 'உற்பத்தி' வேறு. சோலார் ராத்திரி ஓடாது. காற்றாலை காற்று இல்லாத மாதத்தில் சும்மா நிற்கும். அதனால் திறனில் பாதி வந்தும், உண்மையில் உற்பத்தியாகும் ஒவ்வொரு 100 யூனிட்டிலும் சுமார் 70 யூனிட் இன்னமும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனுக்கு ஏறிய சார்ஜும் பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்த இலக்கு, 2030க்குள் நிலக்கரி அல்லாத திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவது. இதன் பெரும் பகுதி சோலார். தரையில் நிறுவும் சோலாருக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டும். இப்போது சர்ச்சுகளை நினைத்துப் பாருங்கள். இந்தியத் திருச்சபைகளிடம் கூரையும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது, நிலத்தை நம்பி வாழும் மக்களும் இருக்கிறார்கள். எரிசக்தி மாற்றம் அவர்களுக்கு வெறும் பிரசங்கத் தலைப்பாக இருக்க முடியாது.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

1967இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய சூழல் நெருக்கடிக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தின் பார்வையும் ஒரு வேர் என்பது அவரது குற்றச்சாட்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்குப் பூமியின் மேல் ஆளுகை தரப்படுகிறது. அதை 'இஷ்டம்போல் பயன்படுத்தலாம்' என்று புரிந்துகொண்டார்கள் என்றார். அதே கட்டுரையில் தீர்வுக்கும் ஒரு கிறிஸ்தவரையே கைகாட்டினார்: அசிசியின் பிரான்சிஸ். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால், அசிசி பிரான்சிஸைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். படைப்பின் காலம் அக்டோபர் 4இல் முடிவதும் அவருடைய திருநாள் என்பதால்தான்.

குற்றச்சாட்டுக்குப் பதில் தேடிய இறையியலாளர்கள், ஆதியாகமத்தின் அடுத்த அதிகாரத்தைச் சுட்டினார்கள். அங்கே மனிதன் தோட்டத்தில் வைக்கப்படுவது அதைப் பண்படுத்திக் காவல் காக்க. புராட்டஸ்டன்ட் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு 'உக்கிராணத்துவம்' என்ற பழைய சொல் நினைவிருக்கும். அடுத்தவர் சொத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டு, கடைசியில் கணக்கு ஒப்புவிக்கிற வேலை. பூமி நம்முடையது இல்லை, நாம் வெறும் மேனேஜர் என்பது இதன் சாரம்.

இந்தியாவிலிருந்தும் ஒரு முக்கியமான குரல் வந்தது. கேரளத்தைச் சேர்ந்த மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் பேராயர் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் 1978இல் இயற்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கு 'மேனேஜர்' உருவகமும் போதவில்லை. மேனேஜர் என்றாலும் இயற்கை வெறும் சொத்தாகிவிடுகிறது அல்லவா? மனிதன் இயற்கையின் ஒரு பகுதி, அதன் சார்பில் கடவுள் முன் நிற்கும் ஒரு குரு போன்றவன் என்பது அவர் முன்வைத்த பார்வை.

2015இல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடல் இந்தப் பேச்சை உலகச் செய்தியாக்கியது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'இறைவா உமக்கே புகழ்' என்று அறியும் மடல் அது. ஜூனில் மடல் வந்தது, டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம். மடலின் மையக் கருத்தை ஒரே வரியில் சொன்னால்: பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் இரண்டு பிரச்சினைகள் இல்லை, ஒன்றுதான். காட்டை மட்டும் காப்பாற்றி அங்கே வாழ்பவரை விரட்டினால் அது பேணுதல் ஆகாது. வாழ்வாதாரம் என்று சொல்லிக் காட்டை அழித்தாலும் ஆகாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இது கத்தோலிக்கர் விஷயம் மட்டும் இல்லை. உலகத் திருச்சபைகள் மன்றம் 1983இலேயே நீதி, சமாதானம் இரண்டோடு படைப்பின் ஒருமையையும் சேர்த்துப் பேசியது. செப்டம்பர் 1ஐப் படைப்புக்கான ஜெப நாளாக 1989இல் அறிவித்தவர் ஆர்த்தடாக்ஸ் சபைகளின் முதன்மைப் பிதாவான திமித்ரியோஸ். சுவிசேஷ சபைகளின் லொசான் இயக்கம் 2010இல் கேப்டவுனில் வெளியிட்ட உறுதிமொழியும் படைப்பைப் பேணுவதை நம்பிக்கையின் பகுதியாக ஏற்றது. தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நம்ம சி.எஸ்.ஐ., சினாட் அளவில் சூழலியலுக்கென்றே ஒரு துறை வைத்திருக்கிறது.

கூரைக் கணக்கு: எங்கே வைத்தால் பலன்?

ஒரு கிலோவாட் சோலாருக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். அது ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 1,000 சதுர அடியில் 10 கிலோவாட் வைத்தால் மாதம் சுமார் 1,200 யூனிட்.

இப்போது ஒரு சாதாரண சர்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை சில மணி நேரம் ஃபேன், மைக், கீபோர்டு. வாரத்தில் ஓரிரு மாலை ஜெபக்கூட்டம். மீதி நாட்களில் கட்டடம் பூட்டியிருக்கும். அதாவது பேனல் உழைக்கும் நேரமும் சர்ச் கரண்ட் செலவழிக்கும் நேரமும் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. உபரியை கிரிட்டுக்கு அனுப்பி, பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் இருந்தால்தான் கணக்கு தேறும்.

பள்ளியும் ஆஸ்பத்திரியும் அப்படி இல்லை. பள்ளி ஓடுவது பகலில், வார நாட்களில். ஆஸ்பத்திரி எப்போதும் ஓடும். இந்தியக் கத்தோலிக்க சுகாதாரச் சங்கத்தில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட உறுப்பு நிறுவனங்கள் உண்டு. பல சின்ன டிஸ்பென்சரிகள், தொலைதூரக் கிராமங்களில். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் பிரசவ அறை விளக்குக்கும் தடுப்பூசி ஃபிரிட்ஜுக்கும் பேட்டரியோடு சோலார் இருப்பது உயிர் காக்கும் விஷயம். ஆலயத்தின் மேல் பேனல் போட்டால் போட்டோ நன்றாக வரும். பள்ளியின் மேல், டிஸ்பென்சரியின் மேல் போட்டால் பயன் அதிகம்.

இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் ஒளிந்திருக்கிறது. மின்வாரியங்கள் பெரிய வாடிக்கையாளர்களிடம் அதிகம் வசூலித்துத்தான் சிறிய வீடுகளுக்கு விலையைக் குறைக்கின்றன. பெரிய கூரை உள்ள நிறுவனங்கள் சோலாருக்குப் போய் பில்லைக் குறைத்துக்கொண்டால், வாரியத்தின் வருமானம் குறையும். அந்தப் பாரம் கடைசியில் யார் தலையில் ஏறும்? கூரையே இல்லாதவர் தலையில். சோலார் வேண்டாம் என்பதற்கு இது காரணம் இல்லை. மிச்சமாகும் பணத்தை என்ன செய்கிறோம் என்று கேட்க இது காரணம்.

சில மாநிலங்களில் 'விர்ச்சுவல் நெட் மீட்டரிங்' வந்திருக்கிறது. டெல்லி இதற்கு 2019இலேயே விதி வகுத்தது. ஒரு கூரையில் விளையும் மின்சாரத்தைப் பல மீட்டர்களின் பில்லில் பங்கு போடலாம். யார் யார் சேரலாம் என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அனுமதி இருக்கும் இடத்தில் ஒரு பெரிய கூரையின் வெயில், தெருக்கோடியில் இருக்கும் ஒற்றை அறை வீட்டின் பில்லையும் குறைக்க முடியும்.

வாட்டிகன் செய்ததையும் பார்க்கலாம். 2008இல் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் சுமார் 2,400 பேனல்கள் வைத்தார்கள். 2024 ஜூனில் போப் பிரான்சிஸ், ரோமுக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியா என்ற தங்கள் நிலத்தில், விவசாயத்தோடு சேர்ந்த சோலார் நிலையம் அமைக்க உத்தரவிட்டார். கூரையிலிருந்து சொந்த நிலத்துக்கு வந்தார்கள். அங்கே நிலத்தின் உரிமையாளரும் வாட்டிகன், மின்சாரம் பெறுபவரும் வாட்டிகன். இந்தியாவில் விஷயம் இவ்வளவு எளிது இல்லை.

மலையில் நடந்தது: காட்கில் அறிக்கையும் கேரளச் சபைகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையை எப்படிக் காப்பது என்று ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. மலையை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, மிக நுட்பமான இடங்களில் குவாரி, சுரங்கம், பெரிய அணை ஆகியவற்றுக்குத் தடை கேட்டது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்றாலே எதிர்கேள்வி கூடாது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் வேண்டாம் என்றும் இந்தக் குழு சொன்னது. அங்கே இருப்பது ஆற்றங்கரைக் காடும், காடர் பழங்குடியினரின் குடியிருப்பும்.

அறிக்கைக்குக் கடும் எதிர்ப்பு. கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு போடப்பட்டது. பாதுகாக்கும் பரப்பை மலைத்தொடரில் சுமார் 37 சதவீதமாகக் குறைத்து அது 2013இல் அறிக்கை தந்தது. அந்த நவம்பரில் கேரளத்தின் 123 கிராமங்கள் பட்டியலில் வந்ததும் மலை மாவட்டங்கள் கொதித்தன. போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவை இடுக்கி, தாமரசேரி கத்தோலிக்க மறைமாவட்டங்கள். காட்கில் அறிக்கையை ஆதரித்த இடுக்கி காங்கிரஸ் எம்.பி. பி.டி. தாமஸுக்கு எதிராக அடையாளச் சவ ஊர்வலமே நடந்தது. 2014 தேர்தலில் அவருக்கு சீட் இல்லை. போராட்டக் குழுவின் ஆதரவோடு நின்ற சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார்.

'சர்ச் இயற்கைக்கு எதிரி' என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். மலை விவசாயியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 1940களின் உணவுப் பஞ்சத்தில் திருவிதாங்கூர் அரசே மக்களை மலைக்குப் போய்ப் பயிர் செய்யச் சொன்னது. காய்ச்சலோடும் காட்டு விலங்கோடும் போராடி நிலம் திருத்திய குடும்பங்களில் பல, பல பத்தாண்டுகளாகப் பட்டாவுக்குக் காத்திருந்தன. டெல்லியிலிருந்து ஒரு வரைபடம் வந்து 'இது நுட்பமான பகுதி' என்றால், 'வெளியேறு' என்றுதான் அவர்கள் காதில் விழும். அறிக்கை விவசாயிகளை வெளியேற்றச் சொல்லவில்லை. கிராம சபைகளில் வைத்துப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றே காட்கில் கேட்டார். அந்தப் பேச்சு நடக்கவே இல்லை. பேச்சு நடக்காத இடத்தை வதந்தி நிரப்பியது.

சபைகள் செய்யத் தவறியது இங்கேதான். ஊரில் எல்லோரும் நம்பிய ஒரே அமைப்பு அவர்களிடம் இருந்தது. ஞாயிறுதோறும் மொத்த ஊரும் கூடும் இடமும் அவர்களுடையதுதான். விவசாயியின் பயத்தை அரசிடம் உரக்கச் சொன்னார்கள், சரி. மலையின் ஆபத்தை விவசாயியிடம் அதே குரலில் சொன்னார்களா?

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பருவநிலை மாற்றம் அந்த மழையைச் சுமார் 10 சதவீதம் தீவிரமாக்கியது என்று உலக வானிலை ஆய்வுக் கூட்டமைப்பான 'வேர்ல்டு வெதர் ஆட்ரிபியூஷன்' கணக்கிட்டது. மறுநாளே மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலைக்கான வரைவு அறிவிக்கையை ஆறாவது முறையாக வெளியிட்டது. முதல் ஐந்தும் இறுதி வடிவம் பெறாமலே போயிருந்தன.

அதே மாநிலம், கடற்கரை

மலையிலிருந்து இறங்கி திருவனந்தபுரம் கடற்கரைக்கு வருவோம். 2022 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்தை எதிர்த்துப் போராடியது அதே கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த லத்தீன் உயர்மறைமாவட்டம். கடலரிப்பில் வீடு இழந்த மீனவர்கள் பள்ளிகளிலும் கிடங்குகளிலும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அரிப்பு பற்றி ஆய்வு வேண்டும், மறுவாழ்வு வேண்டும் என்பவை கோரிக்கைகள். அரிப்புக்குத் துறைமுகம்தான் காரணம் என்பதை அரசும் துறைமுகத் தரப்பும் ஏற்கவில்லை. துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையில் சூழல் விதி சபை மக்களின் நிலத்தைத் தொட்டது, சபை விதியை எதிர்த்தது. கடற்கரையில் சூழல் சேதம் சபை மக்களின் வீட்டைத் தொட்டது, சபை சூழலின் பக்கம் நின்றது. இரண்டு இடத்திலும் ஆயர்கள் தங்கள் மக்களோடு நின்றார்கள். அது மேய்ப்பரின் கடமை. ஆனால் 'என் மக்களுக்கு எது நல்லது' என்பது மட்டும் அளவுகோல் என்றால், அதற்கு லவுதாத்தோ சி தேவையில்லையே. எந்தச் சங்கமும் அதைச் செய்யும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு உதாரணம் உங்களுக்கே தெரியும். 2011-12இல் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டத்தின் மையமாக இருந்தது இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகம். மேலே பார்த்த 'பாதி' கணக்கில் அணுசக்தியும் அடக்கம். கரிப்புகை இல்லாத மின்சாரம் என்று ஒருவர் எண்ணும் அதே யூனிட்டை, தன் கடலுக்கு வந்த ஆபத்தாக இன்னொருவர் பார்த்தார்.

'பசுமை' மின்சாரமும் நிலம் கேட்கும்

வருகிற பத்தாண்டில் இந்த மோதல் வடகிழக்கில் கூடும். அங்கே நாகாலாந்து, மிசோரம், மேகாலயா மூன்றும் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் மாநிலங்கள். ஆறும் மலையும் நிறைந்த பகுதி என்பதால் நீர்மின் திட்டங்களும் அதிகம். 2019 மார்ச் முதல் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் நிலையங்களையும் 'புதுப்பிக்கத்தக்க' கணக்கில் மத்திய அரசு சேர்த்துக்கொண்டது. பெயர் மாறியது, மூழ்கும் நிலம் மாறவில்லை.

சோலாருக்கும் இதே கதை வரலாம். அசாமின் கர்பி ஆங்லாங் மலைப் பகுதியில் திட்டமிட்ட பெரிய சோலார் பூங்காவைப் பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள். தங்கள் விளைநிலம் போய்விடும் என்பது அவர்கள் பயம். 2025இல் ஆசிய வளர்ச்சி வங்கி அந்தத் திட்டத்துக்கான கடனிலிருந்து விலகியது. சோலாரை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. 'எங்களைக் கேட்டீர்களா?' என்றுதான் கேட்டார்கள்.

பாங்டி கிராமம் செய்து காட்டியது

நம்பிக்கை தரும் ஒரு கதையும் அதே வடகிழக்கில் இருக்கிறது. நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் 75 மெகாவாட் டோயாங் நீர்மின் நிலையம் 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அணை நீரில் பாங்டி உள்ளிட்ட லோத்தா நாகா கிராமங்களின் வயல்கள் மூழ்கின. விவசாயம் போனதும் மக்கள் மீன் பிடிக்கப் பழகினார்கள். பிறகு அதே வலைகளில் வேறொன்று விழத் தொடங்கியது: அமூர் வல்லூறு. சைபீரியா, வட சீனப் பகுதிகளிலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும் இந்தச் சிறிய பறவைகள் அக்டோபர், நவம்பரில் லட்சக்கணக்கில் டோயாங் கரையில் இறங்கி இளைப்பாறும்.

2012இல் இங்கே ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 பறவைகள் வரை கொல்லப்படுவதாகச் சூழல் ஆர்வலர்கள் மதிப்பிட்டு வீடியோ வெளியிட்டார்கள். உலகமே அதிர்ந்தது. அடுத்த ஆண்டு, 2013இல், பறவைக் கொலை நின்றுபோனது.

எப்படி? சட்டம் ஏற்கெனவே இருந்தது, அது மட்டும் வேலை செய்யவில்லை. கிராம கவுன்சில்கள் தாங்களே தடை போட்டன. முன்பு பறவை பிடித்தவர்களே சங்கம் அமைத்துக் காவலுக்கு நின்றார்கள். நாகாலாந்து மக்கள்தொகையில் சுமார் 88 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள், பெரும்பாலும் பாப்டிஸ்ட். சபைகளும் பிரசாரத்தில் சேர்ந்தன. அதே நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அவற்றுக்கு வைத்த பெயர்கள்: நாகா, வோக்கா, பாங்டி. தன் ஊர் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு பறவை ஆப்பிரிக்காவுக்குப் போவதைக் கிராமம் பார்த்தது.

கேரள மலையோடு ஒப்பிடுங்கள். இங்கேயும் வாழ்வாதாரம் அடிபட்டது. பறவை விற்ற பணம் நின்றது. அதற்கு ஈடாக வந்த சுற்றுலா வருமானம் எல்லா வீட்டுக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. அணையால் இழந்த வயல் திரும்ப வரவில்லை. ஆனாலும் முடிவு நிலைத்தது. முடிவெடுத்தது ஊர், நிலம் பெரும்பாலும் சமூக உடைமை, சபை வெளியிலிருந்து வந்த செய்தியைத் தன் மக்களிடமே, தன் மொழியிலேயே சொன்னது. இழப்பைத் தாங்கச் சொல்லும் தார்மிக பலம் ஊருக்குள்ளிருந்தே வந்தது.

'சர்ச்சுக்கு எதுக்கு இந்த வேலை?'

மூன்று எதிர்ப்புகள் வழக்கமாக வரும்.

முதலாவது, 'இந்த உலகம் எப்படியும் அழியப்போகிறது, ஆத்துமாவைப் பாருங்கள்' என்பது. சில சபைகளில் இன்னமும் வலுவான குரல். இதற்குச் சபைக்குள்ளிருந்தே வரும் பதில் எளிது: வாடகை வீட்டைக் காலி செய்யப்போகிறோம் என்பதற்காக யாரும் சுவரை இடிப்பதில்லை.

இரண்டாவது, 'கிறிஸ்தவர்கள் நாட்டில் 2.3 சதவீதம்தான், நாம் மாறி என்ன ஆகும்?' 2011 கணக்கெடுப்புப்படி எண்ணிக்கை சரி. ஆனால் அவர்கள் நடத்தும் பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரிகளின் கூரைப் பரப்பும் அங்கே வந்துபோகும் மக்களும் அந்த 2.3 சதவீதத்தைவிட மிகப் பெரியவை.

மூன்றாவது, 'சர்ச் சூழல் பேசினால் வெளிநாட்டுப் பணம் என்று முத்திரை குத்துவார்கள்.' கூடங்குளப் போராட்டத்தின்போது இது நடந்தது. இந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனாலேயே பல சபைகள் மரக்கன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. மரம் நடுவதை யாரும் எதிர்ப்பதில்லை. யார் நிலம், யார் முடிவு என்று கேட்டால்தான் சிக்கல்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

நீங்கள் சபை உறுப்பினரா? அடுத்த பங்குப் பேரவையிலோ சபைக் கூட்டத்திலோ இந்த ஐந்து கேள்விகளை வையுங்கள்.

1. ஆலயம், பள்ளி, விடுதி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து மாதம் எத்தனை யூனிட் செலவழிக்கிறோம்? கடந்த 12 மாத பில்லை ஒரு ஷீட்டில் போட்டாலே பாதி ஆடிட் முடிந்தது.

2. பேனலை எந்தக் கட்டடத்தில் வைக்கிறோம், ஏன்? பகல் நேரச் செலவு எங்கே அதிகமோ அங்கே முதலில் வைக்கலாம்.

3. மிச்சமாகும் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? புதிய ஏ.சி.க்கா, ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைக்கா?

4. சபைக்குச் சொந்தமான நிலத்தில் என்ன நடக்கிறது? குவாரிக்கு, மணலுக்கு, கட்டுமானத்துக்குக் குத்தகை உண்டா? குளம், கிணறு மூடப்பட்டிருக்கிறதா?

5. சபையின் சேமிப்பு எங்கே முதலீடாகியிருக்கிறது? இங்கிலாந்துத் திருச்சபை 2023இல் பெரிய எண்ணெய் நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நம் ஊரிலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

சபைக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லையா? அப்பார்ட்மென்ட் அசோசியேஷனில் இதே கேள்விகளை வைக்கலாம். 2024இல் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் தனி வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். லிஃப்ட், மோட்டார் போன்ற பொது வசதிக்காக அசோசியேஷன் வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை. இந்த மானியம் வீடுகளுக்கானது. சர்ச், பள்ளி, ஆஸ்பத்திரிக்கு இது கிடையாது என்பதால் சபைகள் சொந்தப் பணத்திலோ, முதலீடு செய்யும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோதான் வைக்க வேண்டும்.

இந்த ஐந்தில் முதல் இரண்டு கேள்விகளுக்குக் கூட்டத்தில் எளிதாகப் பதில் கிடைக்கும். கை தட்டும்கூட விழும். நான்காவது கேள்வியைக் கேட்கும்போது கொஞ்சம் அமைதி நிலவும். குத்தகைக்காரர் அதே சபையின் முக்கியஸ்தராக இருக்கலாம், அந்த வருமானத்தில்தான் பள்ளி ஆசிரியர் சம்பளம் ஓடலாம். அப்படி இருந்தால், அதையும் வெளிப்படையாகப் பேசி, யாருக்கு எவ்வளவு இழப்பு, அதை எல்லோரும் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று கணக்குப் போடுங்கள். இடுக்கியில் நடக்காமல்போனது அந்தப் பேச்சுதான். பாங்டியில் நடந்ததும் அதுதான்.